கொலு பொம்மைகளுக்கு ஒரு 'கண்ணாடி' வீடு

ஊரைவிட்டு வந்து வடக்கே குடித்தனம் நடத்தும் நம்மில் பலர் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். கட்டிலுக்கு அடியிலோ, பரணிலோ, பால்கனி மூலையிலோ அது இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய கொலு பொம்மைகள். அம்மா கொடுத்தது கொஞ்சம், மாமியார் கொடுத்தது கொஞ்சம், ஊருக்குப் போகும்போதெல்லாம் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது கொஞ்சம். நவராத்திரி வந்தால் பத்து நாள் வெளிச்சம். மீதி 355 நாளும் இருட்டு.

எங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பவை கும்பகோணத்தில் என் அம்மா வாங்கிய தசாவதார செட்டும், பாட்டி காலத்து மரப்பாச்சி ஜோடியும். மத்திய அரசு உத்தியோகம் என்பதால் நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை மூட்டை கட்ட வேண்டியிருக்கும். நாக்பூரில் இருந்தபோது ஆசையாக ஒரு கண்ணாடி ஷோகேஸ் வாங்கி அதில் பொம்மைகளை அடுக்கி வைத்திருந்தோம். தில்லிக்கு மாற்றலாகி, லாரியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து சேர்ந்தபோது அது ஷோகேஸாக இல்லை. சாக்கு நிறையக் கண்ணாடித் துண்டாக இருந்தது. நல்லவேளை, பொம்மைகள் வேறு பெட்டியில் இருந்தன. "இனிமே இதுங்க பெட்டியிலேயே இருக்கட்டும்ங்க. அத்தை கொடுத்ததை உடைச்சுட்டு யாருக்குப் பதில் சொல்றது?" என்றாள் என் மனைவி.

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் தில்லியில் வளரும் எங்கள் பெண்ணுக்கு வாமனனும் வராகமும் யார் என்று தெரிந்ததே அந்தப் பொம்மைகளைப் பார்த்துத்தான். பாட்டியை அவள் பார்த்ததில்லை. பாட்டி கைப்பட்ட பொருள் என்று வீட்டில் இருப்பதும் அதுதான். அதைப் பூட்டி வைத்தால் என்ன பயன்?

உடையாத, கனமில்லாத, அடுத்த மாற்றல் உத்தரவு வந்தால் கழற்றிப் படுக்கவைத்து எடுத்துப் போகக்கூடிய ஒரு பேழை வேண்டும். இப்படி யோசித்தபோதுதான் அக்ரிலிக் தகடு நினைவுக்கு வந்தது. அதை வெட்டுவதும் துளையிடுவதும் வீட்டிலேயே முடிகிற வேலை. ஆனால் மரத்துக்கும் தகரத்துக்கும் பழகிய கை இதற்கு ஒத்துவராது. இதன் குணம் வேறு. அந்தக் குணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அக்ரிலிக் என்னும் பொருள்

கடைகளின் பெயர்ப் பலகைகளிலும், ஆண்டு விழாவில் கொடுக்கும் கேடயங்களிலும் நாம் தினம் பார்க்கிற பிளாஸ்டிக்தான் இது. வேதியியல் பெயர் பாலிமீத்தைல் மெத்தாக்ரிலேட். 1930-களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உருவானது. ஜெர்மனியில் ஓட்டோ ரோமின் நிறுவனம் 1933-இல் இதற்கு 'பிளெக்ஸிகிளாஸ்' என்று பெயரிட்டது, இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தார் 'பெர்ஸ்பெக்ஸ்' என்றார்கள்.

இரண்டாம் உலகப் போரில் விமானியின் தலைக்கு மேல் இருந்த ஒளிபுகும் கூண்டு இந்தப் பொருளால் ஆனது. அது நொறுங்கிச் சில விமானிகளின் கண்ணுக்குள் துண்டுகள் புகுந்தபோது, கண் அவற்றைத் தாங்கிக்கொண்டதை ஹரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேயக் கண் மருத்துவர் கவனித்தார். 1949-இல் லண்டனில் இதே பொருளால் ஒரு லென்ஸ் செய்து, கண்புரை நோயாளி ஒருவரின் கண்ணுக்குள் பொருத்தினார். நம் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992-இல் ஆரோலேப் தொடங்கி, இத்தகைய லென்ஸ்களைக் குறைந்த விலையில் செய்து கொடுத்ததால் ஏழை எளியவருக்கும் அந்தச் சிகிச்சை எட்டியது. நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் கண்ணுக்குள்ளேயே இந்தப் பொருள் இருக்கலாம்!

பேழைக்கு இது ஏன் ஏற்றது? விழும் ஒளியில் 92 சதவீதத்தை உள்ளே விடுகிறது. கனம் கண்ணாடியில் பாதிகூட இல்லை. எளிதில் உடையாது, உடைந்தாலும் கண்ணாடி போலச் சில்லுச் சில்லாகச் சிதறாது. குறைகளும் உண்டு. சுலபத்தில் கீறல் விழும். 100 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். தீப்பற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். இந்தக் கடைசிக் குணத்தை நினைவில் வையுங்கள். தில்லிவாசிகளுக்கு அதுதான் முக்கியம்.

அரைத் தகடு, நாலே வெட்டு

கோட்லா முபாரக்பூரில் ஹார்டுவேர் கடைகள் வரிசையாக இருப்பது தில்லித் தமிழர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு கடையில் விசாரித்தேன். முழுத் தகடு 8 அடிக்கு 4 அடி. அதில் பாதி, அதாவது 4 அடிக்கு 4 அடி போதும். கனம் 4 மி.மீ. இருக்கட்டும்; 3 மி.மீ. தகடு இந்த அளவுக்குக் கொஞ்சம் வளையும். 'காஸ்ட்' தகடு என்று கேட்டு வாங்குங்கள். 'எக்ஸ்ட்ரூடட்' என்ற வகை விலை குறைவு. ஆனால் வெட்டும்போதும் துளைக்கும்போதும் சீக்கிரம் உருகிப் பிசுபிசுக்கும்.

4 அடி என்பது ஏறக்குறைய 1220 மி.மீ. நான் போட்ட கணக்கு இது:

முதல் வெட்டு: ஓர் ஓரத்திலிருந்து 900 மி.மீ. தள்ளி, மேலிருந்து கீழ்வரை. இப்போது 900 அகலத்தில் ஒரு பெரிய துண்டும் 320 அகலத்தில் ஒரு நீளத் துண்டும் கிடைக்கும்.

இரண்டாவது: நீளத் துண்டைச் சரிபாதியாக, 610-இல். இவை இரண்டும் பக்கத் தகடுகள்.

மூன்றாவது: பெரிய துண்டில் 610 உயரத்துக்கு ஒன்று. இது முன்புறம்.

நாலாவது: மீதியில் 320-க்கு ஒன்று. இது மேல்மூடி.

கடைசியில் 900-க்கு 290 அளவில் ஒரு துண்டு மிஞ்சும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். கை பழக அதுதான் பாடப் புத்தகம். நாலு துண்டும் சேர்ந்து ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதே கனத்தில் கண்ணாடி என்றால் பன்னிரண்டு கிலோவைத் தாண்டும்.

உள்ளே ஒரு மரச்சட்டம் வேண்டும். ஓர் அங்குல ரீப்பரில் 890 அகலம், 315 ஆழம், 610 உயரம் என்று தச்சரிடம் சொன்னால் செய்து தருவார். பின்புறத்துக்கும் அடிக்கும் பிளைவுட். தகடுகளைச் சட்டத்தின் வெளிப்புறமாக வைத்துத் திருகாணியால் பிடிக்கிறோம். பசை எதுவும் இல்லை. ஒட்டிவிட்டால் பிறகு கழற்ற முடியாதே!

கீறி ஒடிப்பது

நேரான வெட்டுக்கு ரம்பமே வேண்டாம். 'அக்ரிலிக் கட்டர்' என்று கொக்கி போல வளைந்த அலகு உள்ள கத்தி கிடைக்கிறது. உடைந்த ஆக்சா பிளேடைச் சாணைக்காரரிடம் கொடுத்துக் கொக்கியாகத் தீட்டி வாங்கிக்கொண்டாலும் போதும்.

தகட்டின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் காகிதத்தையோ படலத்தையோ உரிக்காதீர்கள். கீறலிலிருந்து காப்பாற்றுவது அதுதான். அதன்மேலேயே மூலைமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு போடலாம். எஃகு அளவுகோலைக் கோட்டோடு சேர்த்து இரண்டு முனையிலும் சி-கிளாம்ப்பால் இறுக்குங்கள். கொக்கியைக் கோட்டில் வைத்து உங்களை நோக்கி இழுங்கள். முதல் இரண்டு மூன்று இழுப்பு மிக லேசாக இருக்கட்டும். பள்ளம் விழுந்த பிறகு கொக்கி தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். அதன்பின் அழுத்தலாம். மெல்லிய சுருளாகச் சீவல் வரும். பள்ளம் தகட்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்கும்வரை, ஓரத்திலிருந்து ஓரம்வரை, விடாமல் இழுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு முறை ஆகும்.

பிறகு பள்ளம் மேல்பக்கம் தெரியும்படி, மேசை விளிம்புக்கு நேராக வைத்து, மேசைமேல் உள்ள பாகத்தை ஒரு பலகையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே நீட்டியிருக்கும் பாகத்தை ஒரே அழுத்தாகக் கீழே அழுத்துங்கள். 'படக்' என்று ஒடியும். 1220 மி.மீ. நீளமான முதல் வெட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் மனைவி ஒரு முனை, நான் ஒரு முனை. 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணி ஒரே நேரத்தில் அழுத்தினோம். பள்ளம் போதாமல் ஒடிக்கப் பார்த்தால் தகடு தன் இஷ்டத்துக்குக் கோணலாகப் போய்விடும்.

"ஜல்தி மத் கீஜியே, பாபுஜி" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியதன் பொருள் அப்போது விளங்கியது. பதறாத காரியம் சிதறாது என்று நம் ஊரில் சொல்வதும் அதையேதான்.

வளைவான வெட்டுக்கு மட்டும் ரம்பம் தேவை. மின்சார ஜிக்ஸா என்றால் நெருக்கமான பல் உள்ள பிளேடு, நடுத்தர வேகம். வேகம் கூடினாலோ பிளேடு மழுங்கியிருந்தாலோ சூட்டில் அக்ரிலிக் உருகி, வெட்டிய இடம் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொண்டு வரும்!

ஒடித்த விளிம்பு கையைக் கிழிக்கும் கூர்மையோடு இருக்கும். ஆக்சா பிளேடின் பல் இல்லாத முதுகால் விளிம்பைச் சுரண்டிச் சமமாக்குங்கள். பிறகு வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து 220, 400, 600 என்று வரிசையாகத் தேயுங்கள். இது அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். அக்ரிலிக்கில் விரிசல் பெரும்பாலும் கரடுமுரடான விளிம்பிலிருந்துதான் புறப்படுகிறது.

துளையிடுவது

பேழைக்கு மொத்தம் 42 துளைகள்: முன்புறத்தில் 14, பக்கத்துக்கு 8, மேல்மூடியில் 12. வெட்டுவதைவிட இங்கேதான் தகடு அதிகம் உடைகிறது. காரணம் எளிது. சாதாரண டிரில் பிட் இரும்பைக் குடைவதற்காகக் கூர்மையாகத் தீட்டப்பட்டது. அக்ரிலிக்கில் அது சீவாமல் கடித்து இழுக்கும். மறுபக்கம் வெளியே வரும் அந்தக் கடைசிக் கணத்தில் திருகு போலத் தகட்டைக் கவ்வி மேலே இழுக்க, துளையைச் சுற்றித் தெறித்துவிடும்.

இதற்கு மருந்து, பிட்டின் கூர்மையைக் கொஞ்சம் குறைப்பதுதான். கேட்க விசித்திரமாக இருக்கும். பிட்டின் இரண்டு வெட்டு விளிம்புகளிலும், கத்தி தீட்டும் கல்லைப் பிட்டின் நீளவாக்கில் நிறுத்தி, மூன்று நான்கு முறை தேயுங்கள். விளிம்பில் மயிரிழை அளவு ஒரு தட்டையான பட்டை தெரிந்தால் போதும். இப்போது அது கடிக்காது, சுரண்டும். அந்தப் பிட்டைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு 'அக்ரிலிக்' என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி இரும்புக்கு அது ஆகாது.

துளைக்கும் முறை இது. தகட்டின் அடியில் சமமான மரப்பலகை வைத்து இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போடுங்கள். கையால் பிடித்துக்கொண்டு துளைக்கவே கூடாது. பிட் கவ்வினால் தகடு விசிறி போலச் சுழன்று கையை அறுத்துவிடும். இடத்தைக் குறிக்க ஆணி வைத்து அடிக்காதீர்கள். பிட்டின் முனையைக் குறியில் வைத்துக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் சிறு குழி விழும். மெஷினை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். லேசாக அழுத்தி, அடிக்கடி மேலே எடுத்துச் சீவலை வெளியேற்றி, மறுபடி இறக்குங்கள். சோப்பு கலந்த தண்ணீரைத் தூரிகையால் இரண்டு சொட்டு வைத்தால் சூடு தணியும். மின்கம்பியோடு உள்ள மெஷினில் தண்ணீர் பட விடாதீர்கள். பேட்டரி மெஷின் இருந்தால் உத்தமம். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் எல்லாம் சரி. பிட்டில் பிசின் போல ஒட்டினால் சூடு ஏறிவிட்டது, நிறுத்துங்கள். பலகையைத் தொடப் போகும் நேரத்தில் அழுத்தத்தை இன்னும் குறையுங்கள்.

மரத்தில் செய்வதுபோல் முதலில் சிறு துளை போட்டு அதைப் பெரிதாக்கும் வழக்கம் இங்கே வேண்டாம். பெரிய பிட் அந்தச் சிறு துளையின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். எடுத்த எடுப்பிலேயே வேண்டிய அளவு பிட்டைப் போடுங்கள். மிச்சத் துண்டில் பத்துத் துளையாவது போட்டுப் பார்த்து, அதில் ஒன்றுகூடத் தெறிக்காத பிறகு நல்ல தகட்டில் கை வையுங்கள்.

ஒரு விஷயத்தில் சமாதானமே கிடையாது: கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. எங்கள் பெண் குறி போடவும் சோப்புத் தண்ணீர் வைக்கவும் கூட இருந்தாள். அவளுக்கும் கண்ணாடி, பின்னிக் கட்டிய தலைமுடி, தொங்காத உடை. மெஷின் மட்டும் அவள் கைக்குப் போகவில்லை.

4 மி.மீ. திருகாணிக்கு 6 மி.மீ. துளை

"இவ்வளவு பெரிய ஓட்டையா? திருகாணி ஆடுமே!" என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஆடத்தான் வேண்டும்.

ஒரு மீட்டர் அக்ரிலிக், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.07 மி.மீ. நீளும். கண்ணாடி நீளுவதைப் போல ஏழெட்டு மடங்கு இது. தில்லி வீட்டுக்குள் ஜனவரிக் காலைக்கும் ஜூன் பிற்பகலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் சாதாரணம். நம் 900 மி.மீ. தகடு அதற்குள் ஏறக்குறைய 2 மி.மீ. நீண்டு சுருங்கும். அடியில் இருக்கும் மரச்சட்டமோ வெப்பத்தால் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். துளை திருகாணிக்குச் சரியாக இருந்தால் தகடு போக வழியில்லாமல் துளையின் ஓரத்தில் முட்டும். ஒரு கோடையிலோ இரண்டு கோடையிலோ அங்கிருந்து விரிசல் ஓடும். கடையில் வாங்கிய அக்ரிலிக் பொருள்கள் 'தானாகவே' விரிந்துவிட்டன என்று சொல்கிறார்களே, பல சமயம் காரணம் இதுதான்.

ஆகவே 4 மி.மீ. திருகாணிக்கு 6 மி.மீ. துளை. துளையின் மையம் தகட்டு விளிம்பிலிருந்து 12 மி.மீ.க்குக் குறையாமல், ரீப்பரின் நடுவில் விழ வேண்டும். ஒரே ரீப்பரில் முன்புறத் திருகாணியும் பக்கத் திருகாணியும் உள்ளே மோதிக்கொள்ளாதபடி ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே என்று மாற்றி வையுங்கள். 20 மி.மீ. நீளம் போதும். தலையின் அடிப்பக்கம் தட்டையாக உள்ள திருகாணியாக வாங்கி, நைலான் வாஷர் சேர்த்துப் போடுங்கள். மரத்துக்குள் பதிகிற கூம்புத் தலைத் திருகாணி ஆப்பு மாதிரி வேலை செய்து தகட்டைப் பிளந்துவிடும். கடைசிவரை முடுக்கி, பிறகு திருப்புளியைக் கால் சுற்றுப் பின்னோக்கித் திருப்பி விடுங்கள். தகடு விழாது, நகர மட்டும் இடம் இருக்கும்.

விளக்கு எங்கே?

எல்லாம் மாட்டி, காப்புக் காகிதத்தை உரித்து, அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "விளக்கு எங்கே ஏத்தப் போறீங்க?"

வாசகர்கள் இதை மறக்கவே கூடாது. அக்ரிலிக் கண்ணாடி அல்ல, எரியும் பொருள். குத்துவிளக்கு, கற்பூரத் தட்டு, ஊதுவத்தி எதுவும் இதன் அருகிலோ மேலேயோ கூடாது. எங்கள் வீட்டில் விளக்கு எதிர்ச்சுவர் ஓரம் போய்விட்டது. நவராத்திரியில் வழக்கம்போல் படிகளில்தான் கொலு. பேழை மற்ற நாட்களுக்கு.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். தில்லியில் ஆந்தி அடித்து ஓய்ந்தால் ஒரு விரல் தூசி. அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். தேய்க்கத் தேய்க்க மின்னூட்டம் ஏறி இன்னும் தூசியை இழுக்கும். ஒரு வாய்க் கரண்டி சோப்புத் தண்ணீர் கலந்த வாளி நீரில் பழைய பருத்தி வேட்டித் துணியை நனைத்து, அழுத்தாமல் துடையுங்கள். ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் படக் கூடாது. நூலிழை போன்ற வெடிப்புகள் படர்ந்து தகடு மங்கிவிடும். பின்புறப் பிளைவுட்டில் மேலும் கீழும் சில துளைகள் போட்டுக் கொசுவலைத் துணி ஒட்டி வைத்தால், மழைக்காலத்தில் உள்ளே புழுங்கிக் களிமண், காகிதக் கூழ் பொம்மைகளில் பூஞ்சை பிடிக்காது.

எப்போது செய்யலாம்?

எங்களுக்கு இரண்டு சனி, ஞாயிறு ஆயிற்று. மாற்றல் வந்தால் திருகாணிகளைக் கழற்றி, நாலு தகட்டையும் நடுவில் துணி வைத்து அடுக்கிப் போர்வையில் சுற்றிவிடலாம். மெத்தைகளுக்கு நடுவே ஒரு விரற்கடை இடம் போதும்.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. தில்லி, லக்னோ, கான்பூர் பக்கம் இருப்பவர்கள் ஜூன் வெயிலிலோ ஜனவரிக் குளிரிலோ இதை மாட்டாதீர்கள். விஜயதசமி முடிந்து பொம்மைகளை எடுத்து வைக்கும் அந்த நாட்களே சரியான சமயம். அப்போது வெப்பம் நடுத்தரமாக இருக்கும். திருகாணி துளையின் நடுவில் நிற்கும்படி மாட்டினால், கோடையில் நீளவும் குளிரில் சுருங்கவும் தகட்டுக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கும். பொம்மைகளை வேட்டித் துணியில் சுற்றுவதற்கு முன், அரைத் தகட்டுக்குக் கடையில் சொல்லி வையுங்கள்.